ஒன்பது கால் தொட்டியும் மூன்று பேணித் தண்ணீரும்

காலை ஐந்து ஐம்பது. தலைமன்னார் இறங்குதுறையில் நான் முதலில் கண்டது ஒரு கழுதை. புதுத் தண்ணீர்த் தொட்டியின் குழாயடியில் நின்றது. குழாய் வாயில் தொங்கிய சொட்டை நக்கியது. தலையைத் தூக்கி, மேலுதட்டைச் சுருட்டி, பல் எல்லாம் தெரிய வானத்தைப் பார்த்தபடி சிறிது நேரம் நின்றது. பிறகு என்னைப் பார்த்தது. பிறகு போய்விட்டது.

மன்னார்த் தீவுக் கழுதைகள் தண்ணீர் விஷயத்தில் நாகரிகம் பார்ப்பதில்லை. மீன் கழுவி ஊற்றிய தண்ணீரைக் குடிக்கும். கோடையில் வற்றி உவர் பிடித்த குட்டையைக் குடித்துவிட்டு நிழலில் போய் நிம்மதியாகப் படுக்கும். அப்படிப்பட்ட பிராணி ஒன்று ஒரு சொட்டுக்கு அந்த முகம் காட்டினால், படித்த மனிதன் யோசித்திருக்க வேண்டும். நான் யோசித்தேன். கழுதைக்குச் சுகாதாரம் தெரியாது என்று யோசித்தேன்.

வெள்ளைக்காரர் ஆண்ட காலம், முப்பதுகள். எனக்கு இருபத்து மூன்று வயது. கொழும்பில் ஆறு மாதம் பயிற்சி பெற்று வந்த தற்காலிக சனிற்றறி ஓவசியர். கிணறுகளுக்கு மருந்து போடுவது, கக்கூசுகளை எட்டிப் பார்ப்பது, கடைக்காரரிடம் ஏச்சு வாங்குவது ஆகிய மூன்றும் என் கடமைகள். இவற்றை விட முக்கியமானது உத்தியோகத்தின் முன்னால் ஒட்டிக்கொண்டிருந்த 'தற்காலிக' என்ற சொல். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு கல்யாணம் காத்து நின்றது.

பெண்ணின் பெயர் றீற்றா. அவளுடைய தகப்பனார் அந்தோனிப்பிள்ளையர், இறங்குதுறைப் பொதிக் கந்தோரில் கிளாக்கர். பொதிகளைப் போலவே மாப்பிள்ளைகளையும் நிறுத்துப் பார்ப்பவர். என்னை நிறுத்துப் பார்த்துச் சொன்னது இது:

"தம்பி, உம்மில எனக்கு ஒரு குறையும் இல்லை. உத்தியோகம் நிரந்தரமாகட்டும். அண்டைக்கே சுவாமியிட்டைச் சொல்லிக் கோயில்ல கலியாண ஓலை வாசிப்பிக்கிறன். பென்ஷன் இல்லாத ஆளுக்கு நான் பிள்ளை குடுக்கிறதில்லை."

(அவருக்கு இருந்தது ஒரே பிள்ளை. பென்ஷன் இல்லாத எத்தனை பேருக்குக் கொடுக்க மறுத்தார் என்று நான் கேட்கவில்லை.)

என்னை நிரந்தரமாக்க வேண்டியவர் யாழ்ப்பாணத்திலிருந்து வரும் பெரிய டொக்டர். அவர் அன்று காலை பத்து மணிக்கு வந்து, நான் பொறுப்பெடுத்துக் கட்டுவித்த தொட்டியைத் திறந்துவைத்து, தகரப் பேணியில் முதல் குவளைத் தண்ணீரைக் குடிக்க இருந்தார். தண்ணீர் நன்றாக இருந்தால் நான் நிரந்தரம். நிரந்தரமானால் றீற்றா. கணக்கு அவ்வளவுதான்.

தொட்டியின் கதையைச் சொல்ல வேண்டும். அதுவரை தனுஷ்கோடிக் கப்பலில் வந்து இறங்குகிறவர்கள் குடித்தது, மணல் மேட்டுக் கிணறுகளிலிருந்து கழுதை முதுகில் பீப்பாயில் வந்த தண்ணீர். பீப்பாய்க்குள் என்ன கிடக்கிறது என்று கழுதைக்கும் தெரியாது, ஓட்டுகிறவருக்கும் தெரியாது. கொலரா பயம் இருந்த காலம். ஆகவே, உயரத்தில் ஒரு தொட்டி, அதற்குக் கைப்பம்பு, தண்ணீருக்கு அளவாகப் பிளீச்சிங் பவுடர், கீழே குழாய் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. கூடவே ஒரு வரைபடமும் வந்தது. இரும்புத் தொட்டி மட்டும் வரவில்லை. அது எங்கோ வந்துகொண்டே இருந்தது.

டொக்டர் வரும் நாள் குறித்தாகிவிட்டது. ஆகவே மரத்தில் ஒரு தொட்டி கட்டுவிப்பது என்று முடிவு செய்தேன். கட்டுவதற்கு அசனார் நானாவைப் பிடித்தேன். (மூத்த முஸ்லிம் ஆண்களை 'நானா', அதாவது அண்ணன், என்று அழைப்பது எங்கள் வழக்கம்.) அவர் ஓடாவி, அதாவது வள்ளம் கட்டுகிற தச்சர். மரத்தில் தண்ணீர் உள்ளே வராமல் கட்டத் தெரிந்தவருக்கு, தண்ணீர் வெளியே போகாமல் கட்டத் தெரியாதா என்பது என் வாதம். வாதம் சரிதான். இந்த விவகாரம் முழுவதிலும் நான் சரியாக யோசித்த கடைசி விஷயம் அது.

நானா பெரிய குரல்காரர். தான் கட்டிய வள்ளம் ஒன்று புயலில் தனியாகப் போய் இந்தியாக் கரையில் ஏறி, ஒரு கீறல் இல்லாமல் நின்றதாக அவர் சொல்லாத நாள் இல்லை. (அந்த வள்ளத்தைக் கண்டவர் ஒருவரும் இல்லை. அது இன்னும் இந்தியாவில்தான் நிற்கிறதாம்.) அவரிடம் வரைபடத்தை விரித்துக் காட்டினேன். நாலு கால்கள். நானா போய், ஒன்பது பனங்கால்களை நட்டு வைத்திருந்தார்.

"நானா, படத்தில நாலு கால்தானே இருக்கு."

"ஓம் தம்பி, கண்டனான். வடிவான படம்."

"பிறகு ஏன் ஒன்பது?"

நானா விரலை மடக்கத் தொடங்கினார். "ஒரு கால் கறையானுக்கு. ஒரு கால் மணலுக்குள்ள இறங்கும், அது அதின்ர குணம். ஒரு காலில கழுதை முதுகு சொறியும். ஒரு காலை ஆரும் விறகுக்கு வெட்டுவினம், பேர் சொல்லமாட்டன், எங்கட சொந்தக்காரர்தான். ஒரு கால் நான் பிழையா நட்டிருப்பன், நானும் மனுசன்தானே. மிச்சம் நாலு. உங்கட படத்தில கிடக்கிற நாலு அதுதான்."

"படம் போட்டவர் பெரிய எஞ்சினியர், நானா."

"இருக்கட்டும். படம் அவரின்ர மேசையில கிடக்கு. தொட்டி எங்கட தலைக்கு மேல நிக்கப் போகுது."

நான் இரண்டு நாள் வாதாடித் தோற்றேன். தோற்றதோடு விட்டிருக்கலாம். ஆனால் நானா சொன்னது என் மனத்தில் ஒரு தத்துவமாக இறங்கிவிட்டது. எது எது கெட்டுப்போகும் என்று முன்கூட்டியே எண்ணி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கு மேலதிகமாக வைத்துவிட்டால், ஒன்றும் கெட்டுப்போகாது. ஆறு மாதப் பயிற்சியில் எனக்கு ஒருவரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லித் தரவில்லை. இதைக் காலுக்கு மட்டும் வைத்திருப்பது வீண் என்று பட்டது.

விழாவுக்கு முதல் நாள் விடியற்காலை தொடங்கிப் பின்னேரம் வரை பம்பு அடித்துத் தொட்டியை நிரப்பினோம். தொட்டி ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. நானா கீழே கதிரை போட்டு அமர்ந்து, போகிற வருகிறவர்களை எல்லாம் அழைத்துத் தொட்டியின் அடியைத் தடவிப் பார்க்கச் சொன்னார். நான் ஏணியில் ஏறி, மருந்துத் தகரத்தைத் திறந்தேன்.

அவ்வளவு தண்ணீருக்கு இவ்வளவு தூள் என்று பயிற்சியில் மனப்பாடம் செய்வித்திருந்தார்கள். அதை ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டேன். பிறகு நானாவைப் போல விரலை மடக்கினேன். தகரம் ஏற்கெனவே திறந்து கிடந்தது, வீரியம் போயிருக்கும், அதற்கு ஒரு பங்கு. வெயிலில் கொஞ்சம் ஆவியாகப் போகும், அதற்கு ஒரு பங்கு. புதுப் பலகை கொஞ்சம் உறிஞ்சும், அதற்கு ஒரு பங்கு. நான் பிழையாக அளந்திருப்பேன், நானும் மனிதன்தானே, அதற்கு ஒரு பங்கு. கடைசியில், வருகிறவர் பெரிய டொக்டர் என்பதால் அவருடைய பதவிக்கு ஒரு பங்கு.

பொழுது சாயும் நேரத்தில் குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பார்த்தேன்.

அந்தச் சுவையை நான் அதன்பின் பல தடவை விவரிக்க முயன்றிருக்கிறேன். ஆஸ்பத்திரித் தரையைத் துடைத்த துணியை ஊறவைத்தால் வருகிற தண்ணீருக்குக் கிட்ட வரும். பிளீச்சிங் பவுடரின் வாசம் எனக்குப் பழக்கம். இது அதுவல்ல. கார்போலிக் சவர்க்காரத்தை உருக்கிக் குடித்த மாதிரி, நாக்கின் அடியில் போய்ப் பிடித்துக்கொண்டு இறங்க மறுத்தது.

"நானா, உள்ளுக்கு ஏதும் செத்துக் கிடக்குதோ?"

நானா ஏணியில் ஏறித் தலையை உள்ளே விட்டார். குரல் மட்டும் தொட்டிக்குள் முழங்கியது. "பிறந்த பிள்ளை மாதிரிக் கிடக்கு. என்ன வாசம் எண்டு சொல்லுறீங்கள்? எனக்கு ஒண்டும் வரேல்லை."

எனக்கும் மூக்கை வைத்து முகர்ந்தால் ஒன்றும் புதிதாக வரவில்லை. குடித்தால்தான் வந்தது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று தண்ணீரில் அழுகுகிறது என்று முடிவு செய்தேன். அழுகுவதைக் கொல்ல என்னிடம் ஒரே ஆயுதம்தான் இருந்தது. இன்னும் ஒரு பங்கு போட்டேன். சிறிது நேரம் கழித்துக் குடித்துப் பார்த்தேன். சுவை முன்னை விட வலுத்திருந்தது. எதிரி பலமானவன் என்று எடுத்துக்கொண்டு, இன்னொரு பங்கு போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலைதான் கழுதை.

தொட்டியைத் திறந்துவிட்டு மறுபடி நிரப்புவதற்கும் வழியில்லை. தீவின் மணல் மேட்டுக் கிணறுகளில் நல்ல தண்ணீர் மேலே மெல்லியதாக மிதக்கும், அதற்குக் கீழே கடல். முதல் நாள் அத்தனை இறைத்த கிணற்றை உடனே மறுபடி இறைத்தால் உப்புத்தான் வரும். ஆகவே, இருக்கிற தண்ணீரைத்தான் டொக்டர் குடிக்க வேண்டும்.

ஏழு மணியளவில் றீற்றாவும் அவளுடைய தாயாரும் ஒரு கூடை தேசிக்காயும் சீனியும் கொண்டு வந்தார்கள். விருந்தாளிகளுக்குத் தேசிக்காய்த் தண்ணீர் கரைக்கும் பொறுப்பை அந்தோனிப்பிள்ளையர் தன் வீட்டுக்கு எடுத்திருந்தார், மருமகனாகப் போகிறவனின் விழா என்பதால். நான் றீற்றாவுடன் அதுவரை ஒரு வார்த்தையும் நேரே பேசியதில்லை. அவளும் பேசியதில்லை. நான் நிற்கும்போது அவள் தாயாரைப் பார்த்துப் பேசுவாள். நான் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். முறை அது.

றீற்றா ஒரு பேணியில் தண்ணீர் பிடித்து ஒரு மிடறு குடித்தாள். பேணியைக் கீழே வைத்தாள்.

"அம்மா, இது குடிக்கிறதுக்கோ, கந்தோர் கழுவுறதுக்கோ எண்டு கேளுங்கோ."

"வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரு. அவர் படிச்சவர்."

"படிச்சவருக்கு நாக்கு இருக்காதோ எண்டு கேளுங்கோ."

நான் தாயாரைப் பார்த்துப் பதில் சொன்னேன். "மாமி, இது மருந்துத் தண்ணி. முதல்ல கொஞ்சம் அப்பிடித்தான் இருக்கும். தேசிக்காய் விட்டாச் சரியாகும்."

தேசிக்காய் பிழிந்தோம். ஆஸ்பத்திரியில் தேசிக்காய் வெட்டிய மாதிரி இருந்தது. சீனி போட்டோம். இனிப்பான ஆஸ்பத்திரி. மாமி ஒரு மிடறு குடித்து, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். அவர் நன்றிக்காகப் போட்டாரா, பாதுகாப்புக்காகப் போட்டாரா என்பது அவருடைய முகத்தில் தெரிந்தது.

"இன்னும் கொஞ்சம் பவுடர் போட்டாச் சரியாகும்," என்று நான் ஏணிப் பக்கம் திரும்பினேன்.

"அம்மா, அவரைப் பிடியுங்கோ," என்றாள் றீற்றா.

மாமி பிடிக்கவில்லை. மருமகனாகப் போகிறவனைக் கையைப் பிடித்து நிறுத்துவது மரியாதையல்ல. நான் ஏறிப் போட்டேன்.

பத்து மணிக்கு டொக்டர் வந்தார். மெலிந்த, அமைதியான மனிதர். ஒரு வசனம் சொல்லி, அது போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துவிட்டு அடுத்த வசனம் சொல்பவர். ஸ்டேஷன்காரர்கள், பொதிக் கந்தோர்க்காரர்கள், மீன்பிடிக் குடும்பங்கள் என்று நல்ல கூட்டம். அந்தோனிப்பிள்ளையர் கோட்டுப் போட்டு முன் வரிசையில் நின்றார். நானா சாரத்துக்கு மேல் புதுச் சட்டை போட்டு, தொட்டியின் கால் ஒன்றில் கை வைத்தபடி நின்றார். அதே நேரம் தனுஷ்கோடிக் கப்பலும் வந்து சேர, இறங்கியவர்களும் என்னவென்று பார்க்கக் கூடிவிட்டார்கள்.

சுவாமி வந்து ஆசீர்வதித்தார். தொட்டித் தண்ணீரிலேயே கொஞ்சம் எடுத்துத் தெளித்தார். ஒரு துளி அவருடைய உதட்டிலும் பட்டிருக்க வேண்டும். இலத்தீனில் ஓடிக்கொண்டிருந்த செபம் ஒரு சொல்லில் நின்று, அந்தச் சொல்லை மறுபடி சொல்லித் தொடர்ந்தது.

டொக்டர் குழாயைத் திறந்து பேணியை நிரப்பினார். கூட்டம் கை தட்டியது. அவர் குடித்தார். விழுங்கினார் என்பதைத் தொண்டையில் கண்டேன். முகத்தில் ஒன்றும் இல்லை. பேணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சற்று நேரம் கடலைப் பார்த்தார்.

"ஓவசியர்."

"ஐயா."

"நீர் இதைக் குடிச்சுப் பார்த்தனீரோ?"

"ஓம் ஐயா."

"எப்பிடி இருந்தது?"

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி என்ன சொல்லியிருப்பான் என்று இத்தனை வருடம் யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. அந்தோனிப்பிள்ளையர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாயாருக்குப் பின்னால் நின்ற றீற்றா, முறையை எல்லாம் விட்டு, நேரே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல தண்ணி, ஐயா."

"அப்பிடியோ. எனக்கு முன்னால ஒரு பேணி குடியும் பாப்பம்."

குடித்தேன். முகம் சுளிக்கவில்லை. பொய் சொன்னவனுக்கு முகம் சுளிக்கும் உரிமை இல்லை.

"இன்னொண்டு?"

குடித்தேன். கண்ணில் நீர் வந்தது. அதைக் கடற்காற்று என்று கூட்டம் எடுத்துக்கொள்ளட்டும் என்று கிழக்கே திரும்பினேன். (காற்று மேற்கிலிருந்து அடித்தது.)

"மூண்டாவது குடிப்பீரோ?"

"ஓம் ஐயா. தாகமா இருக்கு."

அதையும் குடித்தேன். அப்போது கப்பலில் வந்தவர்கள் தாங்களாகவே வரிசையாக நின்றுவிட்டார்கள். அவர்கள் கடலுக்கு அந்தப் பக்கத்து முகாமில் மருந்து, ஊசி எல்லாம் முடித்து வந்தவர்கள். கோட்டுப் போட்ட ஒருவர் இன்னொருவரை நிற்கவைத்து ஏதோ குடிக்கக் கொடுப்பதைக் கண்டதும், இங்கேயும் அப்படித்தான் என்று விளங்கிக்கொண்டார்கள். முன்னால் நின்ற பெரியவர் குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்து, மூக்கைப் பிடித்து விழுங்கி, டொக்டரிடம் வலது கையை நீட்டினார்.

"சாமி, மருந்து குடிச்சுட்டேன். சீட்டு எங்க தருவாங்க? இல்ல, ஊசியும் உண்டுங்களா?"

அதுவரை அடக்கிக்கொண்டிருந்த இறங்குதுறை மொத்தமும் சிரித்தது. ஸ்டேஷன் போட்டர் ஒருவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். டொக்டர் மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பெரியவரிடம், "ஊசி இல்லை ஐயா, நீங்கள் போகலாம்," என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, தொட்டியை அண்ணாந்து பார்த்தார்.

"இதை ஆர் கட்டினது?"

இந்தக் கேள்விக்காக நானா காலையிலிருந்து காத்திருந்தார். "நான்தான் டொக்டர் ஐயா. அசனார். ஒரு சொட்டு ஒழுகாது. அடியைத் தடவிப் பாருங்கோ."

"உள்ளுக்கு என்ன பூசினது?"

"தார், ஐயா. வள்ளத்துக்குப் பூசுற அதே தார். வெளியில ஒருக்கா, உள்ளுக்கு மூண்டு தரம். மூலைக்கு மூலை கயிறும் தாரும் வைச்சு இறுக்கினது. செலவு பாக்கேல்லை."

டொக்டர் என்னிடம் திரும்பினார். "பவுடர் எவ்வளவு போட்டனீர்?"

சொன்னேன். பங்குகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். வெயிலுக்கு ஒன்று, பலகைக்கு ஒன்று என்று விரலை மடக்கினேன். அவருடைய பதவிக்காகப் போட்ட பங்கை மட்டும் விட்டுவிட்டேன்.

டொக்டர் நிதானமாக விளக்கினார். தாரும் குளோரினும் ஒரே தண்ணீரில் சந்தித்தால் இந்த மருந்துச் சுவை பிறக்கும். தார் துளி இருந்தாலும் போதும். நான் கொல்ல முயன்ற அந்தக் கண்காணா எதிரியை, போட்ட ஒவ்வொரு கரண்டியாலும் நானே வளர்த்திருக்கிறேன்.

"தார் மணக்கேல்லையோ உமக்கு?"

எனக்கு மணக்கவில்லை என்பதுதான் உண்மை. நானாவுக்கும் மணக்கவில்லை. அங்கே நின்ற பாதிப் பேருக்கும் மணக்கவில்லை. நாங்கள் கரையோரத்துப் பிள்ளைகள். எங்கள் வீட்டில் வள்ளத்தில் தார், கயிற்றில் தார், படலைக் கட்டையில் தார், அப்பாவின் நகக்கண்ணில் தார். ஒழுகுகிற எதற்கும் தார் பூசுவோம், ஒழுகாததற்கும் ஒரு பாதுகாப்புக்குப் பூசுவோம். தார் மணத்தை நாங்கள் மணம் என்று கணக்கெடுப்பதில்லை. மூன்று பூச்சுத் தாருக்குள் தலையை விட்டு, ஒன்றும் மணக்கவில்லை என்று சொல்ல இந்தக் கரையில் பிறந்தவனால்தான் முடியும்.

"ஐயா," என்றார் நானா, விடாமல், "சுவை எப்பிடி இருந்தாலும், கால் ஒன்பதும் அசையேல்லை. அதையும் நீங்கள் பாக்க வேணும்."

"பார்த்தனான். கால் நல்லா இருக்கு," என்றார் டொக்டர். பிறகு என்னைச் சற்று ஒதுக்குப்புறமாக அழைத்துப் போனார். "தம்பி, கவலையீனமான ஓவசியர்மார் எனக்கு நிறையப் பேர் இருக்கினம். அவையாலை இவ்வளவு நட்டம் வராது. அவை பவுடரே போடமாட்டினம். நீர் கவனமான ஆள். அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு."

உத்தியோகம் அவ்வளவில் முடிந்தது. அந்த மாதக் கடைசியோடு வீட்டுக்குப் போகலாம் என்றார். போகும்போது கை குலுக்கினார், கனிவாகத்தான்.

பின்னேரம் நான் வீட்டு வாசலில் வாங்குப் பலகையொன்றில் கிடந்தேன். மூன்று பேணியும் வயிற்றில் தங்கள் வேலையைச் செய்துகொண்டிருந்தன. அந்தோனிப்பிள்ளையர் தனியாக வந்தார். கோட்டைக் கழற்றியிருந்தார். சம்பந்தம் முறிக்க வருகிறவர் கோட்டுப் போட்டு வரமாட்டார் என்று எண்ணிக்கொண்டேன். எழுந்து கதிரை எடுத்துப் போட்டேன்.

"பென்ஷன் போச்சு," என்றார் உட்கார்ந்துகொண்டு.

"ஓம்."

"மூண்டு பேணி குடிச்சனீர்."

"ஓம்."

"நானும் பிறகு ஒரு மிடறு குடிச்சுப் பார்த்தனான். இப்பவும் தொண்டைக்குள்ள நிக்குது. நீர் நல்ல தண்ணி எண்டு சொன்னனீர். முகம் ஒருக்காலும் மாறேல்லை."

அவர் வீதியை ஒருமுறை எட்டிப் பார்த்தார். குரலைத் தணித்தார்.

"தம்பி, பென்ஷன் உள்ள மாப்பிள்ளையை நான் இன்னொருத்தனைத் தேடலாம். தேடிக் கண்டும் பிடிக்கலாம். ஆனா என்ர பிள்ளை சமைக்கிறதை நீர் இன்னும் சாப்பிடேல்லை. அவள் தாயிட்டைப் பழகினவள். நான் கலியாணம் முடிச்ச நாளிலயிருந்து தாயின்ர கையாலை சாப்பிடுறன். ஒருநாள் முகம் மாறினது. ஒரே ஒரு நாள். அதை அவ இண்டைக்கும் சொல்லுறா. இந்த வீட்டுக்கு உம்மைப் போல நாக்குள்ள ஆள் லேசில கிடைக்காது."

"நான் இனி என்ன வேலைக்குப் போவன் எண்டு தெரியேல்லை, மாமா."

"அது எனக்கும் தெரியேல்லை. ஓலை மூண்டு கிழமை வாசிக்க வேணும். அதுக்குள்ள தேடும்."

(அவர் வருவதற்கு முன் அவருடைய வீட்டில் நடந்ததை றீற்றா பல காலம் கழித்துச் சொன்னாள். "எனக்குச் சமைக்க வராது எண்டு ஊருக்கே தெரியும், அப்பா. அந்த மனுசனை விட்டா வேற ஆர் என்னைக் கட்டிச் சாப்பிடப் போறார்?" என்று அவள்தான் கேட்டாளாம். அந்த யோசனையை மாமா தன்னுடையதாக எடுத்துக்கொண்டு நடந்து வந்திருக்கிறார்.)

வேலை கிடைத்தது. தொட்டி திறப்புவிழாச் செய்தியை எழுதி அனுப்புவதாக யாழ்ப்பாணப் பத்திரிகை ஒன்றுக்கு முன்பே சொல்லி வைத்திருந்தேன், என் பெயர் அச்சில் வரும் என்ற ஆசையில். இப்போது பெயரை விட்டுவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினேன். அவர்கள் அதைப் போட்டு, தீவிலிருந்து வேறு செய்தியும் எழுதும்படி கேட்டார்கள். எழுதினேன். பிறகு அதுவே தொழிலாகிவிட்டது. பென்ஷன் இல்லாத தொழில். மாமா அதை ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் ஒருமுறை நினைவூட்டுவார்.

இரும்புத் தொட்டி கடைசியில் வந்தது. அதோடு நாலு இரும்புக் கால்களும் வந்தன. இறங்குதுறைக்காரர் அவற்றை ஓரமாகப் போட்டுவிட்டு, நானாவின் ஒன்பது பனங்கால்களின் மேலேயே அதை ஏற்றினார்கள். புது ஓவசியர் ஒரு பங்கு பவுடர் போட்டார். நல்ல தண்ணீர் என்று எல்லாரும் சொன்னார்கள். அந்தச் சொல்லை எங்கள் ஊரில் யாரும் சிரிக்காமல் சொல்வதற்கு ஒரு தலைமுறை ஆகியது.

எங்கள் வீட்டில் இன்னும் அந்த நிலை வரவில்லை. சோற்றுக்கு முன் உட்கார்ந்தால் ஒருவரும் கறி சரியில்லை என்று சொல்வதில்லை. "இண்டைக்கு எத்தினை பேணி?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். உப்புக் கூடினால் ஒரு பேணி. அடிப்பிடித்தால் இரண்டு. மூன்று பேணிக் கறி என்றால் பக்கத்து வீட்டு நாய்க்கும் வைப்பதில்லை. றீற்றாவே சில நாட்களில் சட்டியை இறக்கி வைத்து, "இது ரெண்டரை, முன்னமே சொல்லிப்போட்டன்," என்பாள். பிறகு என்னைப் பார்ப்பாள். நான் ஒரு வாய் சாப்பிட்டு, "நல்ல தண்ணி," என்பேன். என்னைக் கார்போலிக் மாப்பிள்ளை என்று அழைத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் இன்று இல்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் காரணம் தெரியாமலே அப்படி அழைக்கிறார்கள்.

கல்யாணம் தலைமன்னார்க் கோயிலில் நடந்தது. விருந்துக்கு வேண்டிய தண்ணீர் முழுவதையும் மாமா பெருநிலத்துப் பாப்பாமோட்டையிலிருந்து வண்டிகளில் ஏற்றி, தீவின் முழு நீளத்துக்கும் கொண்டுவந்து இறக்கியிருந்தார்.